துண்டு போட்ட நாற்காலி

நடுநாட்டு உயராய்வுப் பல்கலைக்கழகத்தில் ஆய்வேடு எழுதுவது ஒன்றும் பெரிய காரியம் இல்லை. மூளை இருக்கிற யாரும் எழுதிவிடலாம். இல்லாதவர்களும் எழுதியிருக்கிறார்கள், அவர்களில் சிலர் இப்போது அங்கேயே துறைத்தலைவர்கள். எழுதியதை அவர்கள் கையில் வாங்க வைப்பதுதான் பாடு. சிதம்பரத்தில் இறங்கி யாரைக் கேட்டாலும் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு வழி தெரியாது என்பார்கள், ஏனென்றால் அது இந்தக் கதையில் மட்டும்தான் இருக்கிறது. ஆனால் அதன் வராந்தாவில் கால் கடுக்க நின்றவர்கள் ஊருக்கு நாலு பேராவது இருப்பார்கள்.

அப்படி நின்றவர்களில் நீமா யோவாக்கிம் நந்தொண்டேவும் ஒருத்தி. தான்சானியாவின் தென்கோடியில் ம்ட்வாரா என்கிற கடலோரத்துப் பெண். அந்தப் பக்கம் முழுக்க முந்திரிக் காடு. சின்ன வயதில், மூட்டைகள் லாரி ஏறிப் போவதைப் பார்த்து, "இதெல்லாம் எங்கே போகிறது?" என்று அப்பா யோவாக்கிமைக் கேட்டாள். "இந்தியாவுக்கு" என்றார் அவர். இந்தியாவில் எங்கே என்று அவருக்கும் தெரியவில்லை. மகள் அந்தக் கேள்வியை விடவில்லை. படித்து, பட்டம் வாங்கி, ஆய்வு மாணவியாக விமானம் ஏறி, மூட்டை போய்ச் சேர்ந்த இடத்தைக் கண்டுபிடித்தேவிட்டாள். அது பண்ருட்டிக்குப் பக்கத்தில் காடாம்புலியூர். அங்கே கொட்டை உடைக்கிற பெண்களோடு சேர்ந்து உட்கார்ந்து, தானும் உடைத்து, ஓட்டிலிருந்து வழியும் எண்ணெய் பட்டு விரலெல்லாம் கறுத்து, அவர்கள் பேசுகிற தமிழையே கற்றுக்கொண்டு, அவர்கள் கைகளைப் பற்றி ஓர் ஆய்வேடு எழுதி முடித்தாள். முந்திரி வந்த வழியிலேயேதான் அவளும் வந்தாள். முந்திரிக்கு இவ்வளவு தொல்லை இருக்கவில்லை.

ஊரில் அவளுக்கு அமானி என்று ஒரு மகள். அமானியின் அப்பா அவள் பிறப்பதற்கு முன்பே தன் வழியைப் பார்த்துக்கொண்டு போய்விட்டார். குழந்தை மழலை பேச ஆரம்பித்த நேரத்தில்தான் நீமா அவளைத் தங்கையிடம் விட்டுவிட்டுக் கிளம்பினாள். ம்ட்வாரா கல்லூரியில் நிரந்தர விரிவுரையாளர் வேலை ஒன்று அவளுக்காகக் காத்திருந்தது. முனைவர் பட்டத்தோடு வந்தால் வேலை. வேலை கிடைத்துவிட்டால் அப்புறம் மகளை விட்டு எங்கும் போக வேண்டாம். அந்த ஒரு கணக்கில்தான் இத்தனை வருஷம் ஓடியது. ஆரம்பத்தில் அமானி போனில் தினமும் "எப்போது வருவாய்?" என்று கேட்பாள். இப்போது எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள், பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் சொல்கிறாள், அதை மட்டும் கேட்பதில்லை.

கடலூர் முதுநகரில் பெலிசியா வீட்டு மாடியறையில் குடியிருந்தாள். பெலிசியா மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். மாதா கோயில் பாடற்குழுவில் நீமாவோடு சேர்ந்து பாடிப் பழக்கம். ஆய்வேட்டை அச்செடுத்து, கறுப்பு அட்டை போட்டு, தங்க எழுத்தில் பேர் பொறித்துக் கொடுத்தவள் அவள்தான்.

"குடுத்துட்டு நேரா வந்துரு. மீன் கொழம்பு வச்சிருக்கேன்" என்று சொல்லி பஸ் ஏற்றிவிட்டாள்.

நீமா நேராகத்தான் திரும்பி வந்தாள். ஆய்வேடும் கூடவே வந்தது.

நடந்தது இதுதான். ஆய்வுப் பிரிவின் கண்காணிப்பாளர் கொளஞ்சியப்பன். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் ஏதாவது செய்திருப்பார். அவர் ஆய்வேட்டைக் கணினிக்குக் காட்டினார். அது எவ்வளவு சொந்தச் சரக்கு, எவ்வளவு திருட்டுச் சரக்கு என்று சொல்கிற மென்பொருள் ஒன்றைப் பல்கலைக்கழகம் வாங்கி வைத்திருந்தது. அது வெகுநேரம் யோசித்துவிட்டுத் திரையையெல்லாம் சிவப்பாக்கிவிட்டது.

"மெஷின் ஒத்துக்கலைங்க மேடம்."

"ஏன் சார், இன்னா சொல்லுது?"

"பாதிக்கு மேல காப்பின்னு சொல்லுதுங்க. யோ. நீமான்னு ஒரு அம்மா எழுதுன கட்டுரையிலருந்து அப்பிடியே எடுத்திருக்கீங்க. ஒரு வார்த்த மாறல."

"சார், அது நான்தான்."

"மாட்டுனா எல்லாரும் இப்பிடித்தாங்க சொல்றாங்க" என்றார் கொளஞ்சியப்பன் வருத்தத்தோடு.

அவர் தலைக்கு மேலே சுவரில் இரண்டு அறிவிப்புப் பலகைகள் தொங்கின. ஆய்வேட்டின் பகுதிகளை ஆய்விதழில் வெளியிடாதவர்களின் ஆய்வேடு பெற்றுக்கொள்ளப்பட மாட்டாது என்றது ஒன்று. ஏற்கெனவே வெளியான எதனோடும் ஒத்துப்போகும் ஆய்வேடு பெற்றுக்கொள்ளப்பட மாட்டாது என்றது மற்றொன்று. இரண்டிலும் ஒரே பதிவாளரின் கையெழுத்து. நீமா இரண்டையும் மாறி மாறிப் படித்தாள்.

"இதுல நான் எத மீறணும் சார்?"

"ரெண்டையும் மீறக் கூடாதுங்க. அதுக்குத்தான் ரெண்டு போர்டு வச்சிருக்கு."

யோ. நீமா பிறந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். அதற்குத் தாய் தந்தை இரண்டுமே பேராசிரியர் ராமாமிர்தம்தான், நீமாவின் நெறியாளர். முதல் கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பிய அன்று ஆசிரியர் பெயர் எழுதும் இடத்தில் முதலில் தன் பெயரைப் போட்டுக்கொண்டார், அது அங்கே மரபு. அடுத்து மாணவியின் பெயரைப் பார்த்து முகம் சுளித்தார். "இனிஷியல் எங்கம்மா? இனிஷியல் இல்லாட்டி யாரு வீட்டுப் பொண்ணுன்னு எப்பிடித் தெரியும்? அப்பா பேரு யோவாக்கிம்தானே? யோ. நீமா. இப்பதான் ஒரு மனுஷி மாதிரி இருக்கு" என்று அவரே திருத்தி அனுப்பிவிட்டார். நீமாவுக்கும் அப்போது அது பிடித்துத்தான் இருந்தது. தன் பெயருக்கு முன்னால் அப்பா ஓர் எழுத்தாக வந்து நிற்பது நன்றாக இருந்தது. பல்கலைக்கழகப் பதிவில் கடவுச்சீட்டில் உள்ளபடி நீமா யோவாக்கிம் நந்தொண்டே. கட்டுரையில் யோ. நீமா. ஒரே உடம்பில் இரண்டு பேராகிவிட்டது அவளுக்கே தெரியாது.

"நீங்கதான்னு எனக்குத் தெரியாதாங்க?" என்றார் கொளஞ்சியப்பன். "இந்தக் கட்டடத்துலயே தான்சானியாக்காரங்க நீங்க ஒருத்தர்தான். எனக்குத் தெரியுது. ஃபைலுக்குத் தெரியணுமே. ஒண்ணு பண்ணுங்க. அந்த அம்மாகிட்ட ஆட்சேபணை இல்லன்னு ஒரு லெட்டர் வாங்கியாந்துருங்க. முடிஞ்சுது."

நீமா அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து எழுதினாள். யோ. நீமா ஆகிய நான், நீமா யோவாக்கிம் நந்தொண்டே என் எழுத்தைப் பயன்படுத்திக்கொள்வதில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. கையெழுத்துப் போட்டு நீட்டினாள். கொளஞ்சியப்பன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடிதத்தையும் அவளுடைய விண்ணப்பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவர் முகம் கறுத்துவிட்டது.

"மேடம், கையெழுத்தையுமா காப்பியடிச்சீங்க?"

எழுத்துத் திருட்டோடு கையெழுத்துத் திருட்டும் சேர்ந்துகொண்டது. கோப்பு கொஞ்சம் கனத்தது. கனத்த கோப்பு கண்காணிப்பாளர் மேசையில் இருக்கக் கூடாது, குழுவுக்குப் போக வேண்டும் என்பது விதி.

நீமா நெறியாளரைப் பார்க்க ஓடினாள். ராமாமிர்தம் எழுந்து வந்து அவளை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார். "ஒரு வார்த்த சொல்லுங்க சார், ரெண்டும் ஒருத்திதான்னு. ஒங்களுக்குத் தெரியும்ல" என்றாள் அவள்.

"தெரியும்மா. ஆனா ஒரு சிக்கல் இருக்கு." ராமாமிர்தம் மின்விசிறியைப் பார்த்தபடி பேசினார். "பதவி உயர்வுக்குப் போட்டிருக்கேன்ல. அதுல பன்னாட்டு அறிஞரோட கூட்டா ஆய்வு பண்ணேன்னு அந்தக் கட்டுரையத்தான் காட்டியிருக்கேன். மாணவியோட எழுதுனா மார்க்கு கம்மி. வெளிநாட்டு அறிஞரோடன்னா ஜாஸ்தி. யோ. நீமா வெளிநாடுதானே? பொய்யில்லையே? இப்ப நான் போயி அது நம்ம புள்ளதான்னு சொன்னா, பொய் சொன்ன மாதிரி ஆயிரும்."

"அப்ப எனக்கு?"

"நான் மேல போனா ஒன்ன மாதிரி எத்தன புள்ளைங்களுக்கு ஒதவலாம், யோசிச்சுப் பாரு. நல்லதுக்குத்தானே பொறுக்கணும்."

நீமா யோசித்துப் பார்த்தாள். இந்த ஆள் வீட்டு விசேஷத்துக்கு வாழை இலை வெட்டியிருக்கிறாள், அவருடைய கட்டுரைகளுக்கு மேற்கோள் பட்டியல் தட்டியிருக்கிறாள், அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்திருக்கிறாள். அழுகை வரும் என்று நினைத்தாள். கொட்டாவிதான் வந்தது. அவ்வளவு அலுத்துப் போயிருந்தாள்.

ஆய்வு நெறிமுறைக் குழு கூடியது. தலைவர் டாக்டர் இளவரசு. நேர்மை என்கிற தலைப்பில் தமிழ்நாட்டில் அவர் பேசாத மேடை குறைவு. நீமா உள்ளே போனபோது மேசைக்கு எதிரே இரண்டு நாற்காலிகள் போட்டிருந்தன. ஒன்று மெத்தை வைத்த நாற்காலி. முதுகில் வெள்ளைவெளேரென்று ஒரு டர்க்கி துண்டு விரித்திருந்தது. நம் அலுவலகங்களில் மனிதனுக்கு மரியாதை கிடையாது, அவன் நாற்காலியில் துண்டு இருக்கிறதா என்பதற்குத்தான் மரியாதை என்று வந்த புதிதிலேயே நீமா கற்றுக்கொண்டிருந்தாள். மற்றது பிளாஸ்டிக் நாற்காலி. ஒரு காலில் விரிசல்.

"துண்டு போட்டது அறிஞருக்குங்க, இது மாணவிக்கு" என்று கொளஞ்சியப்பன் மெல்லச் சொன்னார்.

"ரெண்டுலயும் எப்பிடி சார் உக்கார்றது?"

"மாறி மாறி உக்காருங்க. அலையக் கூடாதுன்னுதான் பக்கத்துல பக்கத்துல போட்டேன்."

உண்மையாகவே உதவிதான் செய்திருந்தார், பாவம்.

இளவரசு தொண்டையைச் செருமினார். "நேர்மைதான் இந்தப் பல்கலைக்கழகத்தோட முதுகெலும்பு. நான் பெருமையாச் சொல்லுவேன். என்னோட ஆய்வேட்டை எழுதிக் குடுத்தவரு, ஒரு வார்த்தகூட எங்கயிருந்தும் காப்பியடிக்கல. எல்லாம் அவரு சொந்தமா எழுதுனது. அப்பிடிப்பட்ட பரம்பரை நாங்க." குழு உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள். "முதல்ல பாதிக்கப்பட்ட அறிஞர் உக்காரலாம்."

நீமா துண்டு போட்ட நாற்காலியில் உட்கார்ந்தாள். உடனே அவள் முன்னால் டீயும் இரண்டு பிஸ்கட்டும் வந்தன.

"ஐயா, ரெண்டும் நான்தாங்க" என்று ஆரம்பித்தாள்.

இளவரசு கையை உயர்த்தினார். "அறிஞர் ஆங்கிலத்துல பேசணும். வெளிநாட்டு அறிஞர் காடாம்புலியூர்த் தமிழ் பேசுனா நடவடிக்கைக் குறிப்பு நல்லா இருக்காது. கொளஞ்சியப்பன் மொழிபெயர்ப்பாரு."

நீமா அதையே ஆங்கிலத்தில் சொன்னாள். கொளஞ்சியப்பன் எழுந்து நின்று, "தான் ரெண்டு பேருன்னு அம்மா சொல்றாங்க" என்று குழுவுக்கு மொழிபெயர்த்தார். குழு குறித்துக்கொண்டது.

"இப்ப மாணவி உக்காரலாம்."

அவள் பிளாஸ்டிக் நாற்காலிக்கு மாறினாள். காலையில் சாப்பிடாமல் வந்திருந்ததால் கை தன்னால் டீ கிளாஸ் பக்கம் போனது.

"அம்மா, அது அவுங்க டீ" என்றார் இளவரசு கண்டிப்பாக.

ராமாமிர்தம் சாட்சிக்கு அழைக்கப்பட்டார். நீமா இருந்த பக்கம் அவர் திரும்பவே இல்லை. யோ. நீமா உலகம் அறிந்த அறிஞர் என்றும், சென்ற ஆண்டு தரமதிப்பீட்டுக் குழு வந்தபோது அயல்நாட்டு அறிஞர் தொடர்பு என்கிற தலைப்பில் பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்த மதிப்பெண்ணே அந்த அம்மையாரால்தான் என்றும் சொன்னார். அயல்நாட்டு மாணவர் என்கிற தலைப்பில் கிடைத்தது இந்தப் பெண்ணால் என்றும் சேர்த்துக்கொண்டார்.

"அப்ப ரெண்டு பேரும் இருக்காங்க" என்றார் இளவரசு.

"இருந்தே ஆகணும் சார்" என்றார் ராமாமிர்தம்.

எல்லோருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. நீமாவுக்கும் புரிந்தது. இவர்கள் முட்டாள்கள் என்று இவ்வளவு நேரம் நினைத்துக்கொண்டிருந்தாள். முட்டாள்களாக இருந்தால்கூடப் பேசிப் புரியவைத்துவிடலாம்.

கடைசியாக ஒன்று முயன்றாள். எழுந்து துண்டு போட்ட நாற்காலிக்கு மாறி, "நான் அவளை மன்னித்துவிட்டேன். புகாரே இல்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

இளவரசு மற்ற உறுப்பினர்களோடு குசுகுசுவென்று பேசினார். பிறகு நிமிர்ந்து, "ரெண்டு பேரும் கூட்டுச் சேந்துட்டீங்கன்னு தெரியுது. இது குற்றத்த இன்னும் பெருசாக்குது" என்றார்.

அப்போதுதான் நீமாவுக்குக் கோபம் வந்தது. இத்தனை வருஷத்தில் அந்தக் கட்டடத்துக்குள் ஒரு நாளும் குரலை உயர்த்தியவள் இல்லை. இரண்டு நாற்காலிக்கும் நடுவில் நின்றுகொண்டு, ஆங்கிலத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் கத்தினாள்.

"எங்க அப்பா காட்டுலருந்து கொட்ட வருது. காடாம்புலியூர்ல பொம்பளைங்க ஒடைக்கிறாங்க. கை வெந்து, ரேக அழிஞ்சி, ரேஷன் கடை மெஷின்ல வெரல் வச்சா ஆளே இல்லங்குது. அவுங்க நிக்கிறாங்க, மெஷின் இல்லங்குது! மங்கலம்னு ஒரு அக்கா, அரிசி வாங்க முடியாம திரும்பி வந்து எங்கிட்ட அழுதுச்சு. அதத்தான்யா எழுதியிருக்கேன். ஒங்கள்ல ஒருத்தராவது அந்தப் பக்கத்தப் படிச்சீங்களா?"

குழு உறுப்பினர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓரத்தில் இருந்த ஒருவர்தான் துணிந்து பதில் சொன்னார்.

"மெஷின் படிச்சுதுங்க மேடம்."

தீர்ப்பு அன்று சாயங்காலமே வந்துவிட்டது. அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு காரியம் ஒரே நாளில் நடந்தது அதுதான் முதல் தடவை என்று கொளஞ்சியப்பன் ஆச்சரியப்பட்டார். நீமா யோவாக்கிம் நந்தொண்டேவின் பதிவு ரத்து, ஆய்வேடு நிராகரிப்பு, மாணவி இல்லை என்றான பிறகு மாணவி விசாவில் நாட்டில் இருக்க முடியாது, உடனே கிளம்ப வேண்டும். பாதிக்கப்பட்ட அறிஞர் யோ. நீமாவிடம் பல்கலைக்கழகம் வருத்தம் தெரிவிக்கிறது. ஈடாக அவர் வருகைதரு அறிஞராக அமர்த்தப்படுகிறார். அடுத்த பட்டமளிப்பு விழாவில் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டமும் பொன்னாடையும் வழங்கப்படும்.

இளவரசு அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். இப்போது குரலில் தேன் ஒழுகியது. "மனசுல வச்சுக்காதீங்கம்மா. அந்தப் பொண்ணு போனாப் போறா. நீங்க இருங்க. விசாவுக்கு நாங்க எழுதித் தரோம். உக்காந்த எடத்துல டாக்டர் பட்டம் வருது, வேற இன்னா வேணும்?"

"விழா எப்ப சார்?"

"சிறப்பு விருந்தினர் தேதி குடுக்கணும். போன தடவ கேட்டவரே இன்னும் குடுக்கல. நீங்க இருங்க. எப்பயாச்சும் நடக்கும். நீங்க இல்லாம நடந்தா நல்லாவா இருக்கும்?"

பஸ் பரங்கிப்பேட்டைப் பிரிவைத் தாண்டும்வரை நீமா ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு எதையும் யோசிக்கவில்லை. மடியில் ஆய்வேடு கனத்தது. பட்டம் இல்லாமல் போனால் அந்த நிரந்தர வேலை இல்லை. பட்டத்துக்காக இருந்தால் அமானி இல்லை. இத்தனை வருஷத்தையும் இன்னும் கொஞ்ச வருஷத்தைக் கொடுத்தால்தான் காப்பாற்ற முடியும் என்று யாரோ உள்ளே சொல்லிக்கொண்டே இருந்தார்கள். வட்டிக்கு வாங்கியவன் இப்படித்தான் யோசிப்பான் என்று அவளுக்குத் தோன்றியது.

பெலிசியா தீர்ப்பைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "எம் மெஷின்ல அச்சடிச்ச புக்கு அது. ஒரு எழுத்து பெசகியிருக்குமா? கட்டைல போறவனுங்க!" அப்புறம் கொஞ்சம் ஆறி, தட்டில் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். "ஏன்டி, பேசாம நீ அந்த இன்னொருத்தியாவே இருந்துட்டா இன்னா? எப்பிடியும் அவனுங்களுக்கு ஒன்ன விட்டா ஆளில்ல. டாக்டராயிட்டுத்தான் போயேன். இத்தினி வருஷம் இருந்துட்ட."

பெலிசியாவின் புருஷன் மரியசெல்வம் துறைமுகத்தில் படகு இன்ஜின் ரிப்பேர் செய்கிறவர். அதிகம் பேச மாட்டார். "புள்ள கேக்குமே" என்று மட்டும் சொன்னார்.

"அது இப்பல்லாம் கேக்குறதில்ல மாமா" என்றாள் நீமா. சொல்லிவிட்டுத் தட்டை நகர்த்தி வைத்தாள்.

மாடிக்குப் போய் வீடியோவில் மகளைக் கூப்பிட்டாள். ம்ட்வாராவில் இன்னும் வெயில் இருந்தது. அமானி பள்ளிச் சீருடையோடு வாசலில் உட்கார்ந்து மாம்பழம் தின்றுகொண்டிருந்தாள். என்ன நடந்தது என்று குழந்தையிடம் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் யாரிடமாவது தன் மொழியில் சொல்ல வேண்டும்போல இருந்தது. ஒரு வேடிக்கைக் கதைபோலச் சொன்னாள். இங்கே உன் அம்மா இரண்டு பேராகிவிட்டாள் அமானி. ஒருத்தி நல்லவள், அவளுக்குத் துண்டு போட்ட நாற்காலி, டீ, பிஸ்கட். ஒருத்தி கெட்டவள், அவளை நாட்டை விட்டே போ என்கிறார்கள்.

அமானி சிரிக்கவில்லை. மாம்பழத்தைக் கீழே வைத்தாள். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தாள்.

"நிஜமாகவே இரண்டு அம்மாவா?"

"அப்படித்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்."

"அப்படியென்றால் ஒருத்தி அங்கேயே இருக்கட்டும்" என்றாள் அமானி அவசரமாக, யாராவது மனசை மாற்றிக்கொள்வதற்குள் சொல்லிவிட வேண்டும் என்பதுபோல. "கெட்டவளை இங்கே அனுப்பச் சொல். எனக்குக் கெட்டவளே போதும்."

அந்த வாரமே நீமா கிளம்பினாள். கொளஞ்சியப்பன் வெளியேற்றச் சான்றிதழைக் கையில் கொடுத்து, "அறிஞர் மேடத்துக்கு ஏதாச்சும் சொல்லணுங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார். கேலி செய்கிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்தாள். இல்லை. உண்மையாகவேதான் கேட்டார்.

"நல்லா இருக்கச் சொல்லுங்க சார்" என்றாள்.

ஆய்வேட்டில் ஒரு பிரதியைக் காடாம்புலியூரில் மங்கலத்திடம் கொடுத்தாள். மங்கலத்துக்கு ஆங்கிலம் தெரியாது. தன் கை படமாக வந்திருக்கிற பக்கத்தை மட்டும் திறந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதுக்கா ஒன்ன தொரத்துறானுங்க?" என்று கேட்டாள். ஒரு பை நிறைய முந்திரிப் பருப்பைக் கட்டி, ஊருக்குக் கொண்டுபோ என்று கொடுத்தாள். அந்தப் பருப்பு எந்த ஊர்க் கொட்டையிலிருந்து வந்தது என்று இரண்டு பேருக்கும் தெரியும். இருந்தாலும் நீமா வாங்கிக்கொண்டாள்.

ம்ட்வாரா கல்லூரியில் அந்த நிரந்தர வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. பட்டம் இல்லாத நீமாவுக்குத் தற்காலிகப் பயிற்றுநர் வேலை கிடைத்தது. ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்க வேண்டும். அது அவளுக்கு உறுத்தவில்லை என்று சொன்னால் பொய். சில நாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது திடீரென்று இளவரசுவுக்கு நல்ல தமிழில் பதில் ஒன்று தோன்றும். சொல்ல ஆள் இருக்காது.

பட்டமளிப்பு விழா ஒருவழியாக நடந்தது. பெலிசியா போயிருந்தாள், அழைப்பிதழை அச்சடித்ததே அவள் கடைதான். அன்று சாயங்காலம் ஒரு படம் அனுப்பினாள். மேடை, பூ அலங்காரம், பின்னால் பெரிய ஃபிளெக்ஸ். புதிதாகப் பதவி உயர்வு பெற்ற ராமாமிர்தமும் இளவரசுவும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். நடுவில் டர்க்கி துண்டு போட்ட நாற்காலி, காலியாக. அதன் முதுகில் பொன்னாடையைப் போர்த்தி, மேலே பட்டச் சுருளைச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். "அறிஞர் வர முடியலன்னு நாற்காலிக்கே குடுத்துட்டானுங்க. எல்லாரும் எந்திரிச்சி நின்னு கை தட்டுனாங்கடி" என்று பெலிசியா எழுதியிருந்தாள்.

நீமா சிரித்துவிட்டாள். என்ன என்று கேட்டுக்கொண்டு அமானி வந்து தோளில் சாய்ந்தாள். இப்போதெல்லாம் அவள் அம்மாவை ஒட்டியேதான் உட்காருவாள். படத்தைப் பார்த்தாள்.

"யார் இவர்கள்?"

"உன் இன்னோர் அம்மாவுக்கு டாக்டர் பட்டம் கொடுக்கிறார்கள். அந்த நாற்காலியில் இருக்கிறாள், பார்."

அமானி போனை வாங்கி, விரலால் பெரிதாக்கி, அந்தக் காலி நாற்காலியை உற்றுப் பார்த்தாள். அவளுக்கு விளையாட்டு புரிந்துவிட்டது, ஆனாலும் முகம் வாடியது.

"பாவம்" என்றாள். "அவளை வீட்டுக்கு வா என்று கூப்பிட அவளுக்குப் பிள்ளை இல்லையா?"

நீமா போனை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள். அந்த நாற்காலியில் தான் எத்தனை காலம் உட்கார்ந்திருந்தோம் என்பது அவளுக்குத் தெரியும். அப்போதும் ஒரு பிள்ளை கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தது; கூப்பிட்டுக் கூப்பிட்டு, ஒரு நாள் நிறுத்திக்கொண்டது.